பழைய ஹைபிரிட் கார் ஒன்று வாங்கலாமா?

எழுபது வயதை நெருங்கும் பத்திரிகையாளன் ஒருவன், ஓய்வுபெற்ற பின்னர் முதன்முதலாகக் கார் வாங்கப் புறப்பட்டால் நண்பர்கள் சிரிப்பது இயல்பே. நாற்பது ஆண்டுகளாகப் பஸ்ஸிலும் அலுவலக வாகனத்திலும் கொழும்பைச் சுற்றியவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டனர். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

2022 ஆம் ஆண்டு யூலை மாதத் தொடக்கம். நாட்டில் பெற்றோல் இல்லை. லீற்றரின் விலையை 470 ரூபாவாக உயர்த்திய சில நாள்களிலேயே, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு யூலை 10 ஆம் திகதி வரை எரிபொருள் இல்லை என அரசாங்கம் அறிவித்துவிட்டது. அந்த நாள்களில் ஓர் இரவு, இரண்டு மணியளவில், என் மனைவிக்கு இழுப்பு வந்தது. வழமையாக எங்களை ஏற்றிச் செல்லும் ஓட்டோக்காரத் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எரிபொருள் நிலைய வரிசையில், ஓட்டோவுக்குள்ளேயே மூன்றாவது இரவாகப் படுத்திருந்தார். இறுதியில் பக்கத்து வீட்டு இளைஞர் தமது பழைய காரை எடுத்தார். அதில் எஞ்சியிருந்த பெற்றோலில் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தோம். அவள் பிழைத்தாள். ஆனால் அந்த இரவின் பயம் எனக்குத் தெளியவில்லை.

அடுத்த மாதம் கியூ.ஆர். முறை நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றும், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்றும் பங்கிட்டார்கள். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட் கார் இருந்தால் வாரத்துக்கு 400 கிலோமீற்றர் போகலாம் என்று மனம் கணக்குப் போட்டது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை கைவிடப்பட்டது. என் கணக்கு மட்டும் கைவிடப்படவில்லை.

அண்மையில் மருமகன் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். 2013 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா. 2011 டிசெம்பரில் யப்பானில் அறிமுகமான இந்த வகைக் கார்கள், பாவித்தவையாக நம் நாட்டுக்கு ஏராளமாக வந்து சேர்ந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், கார் பழசாகப் பழசாக விலை குறையும் என்ற உலக நியதி இலங்கையில் தலைகீழானது. வாங்கிய விலையிலும் கூடுதலான விலைக்கு விற்றவர்கள் பலர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. ஆயினும் வரிகள் கனமானவை. இந்தக் காருக்குச் சொல்லப்பட்ட விலை, என் ஊழியர் சேமலாப நிதியில் மிஞ்சியிருந்ததில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது.

ஹைபிரிட் என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்குவது கடினமல்ல. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் மின்சாரமும் இல்லை. ரோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். இந்தக் காரும் அதைத்தான் செய்கிறது. பிறேக் பிடிக்கும்போது வீணாகும் விசையில் ஒரு பகுதியைச் சக்கரத்தினூடாக மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. மீண்டும் புறப்படும்போது அந்த மின்சாரத்தைச் செலவிடுகிறது. ஆகவே நின்று நின்று ஓடும் காலி வீதியில்தான் அதற்கு ஆதாயம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் ஆதாயம் குறைவு.

அக்காலத்தில் மொரிஸ் மைனரும் ஏ-40 உம் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டியை நாம் அப்போதே கண்டுவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தோம்.

காரைப் பார்க்க, எனக்குத் தெரிந்த கராஜ் தம்பி ஒருவரையும் அழைத்துச் சென்றேன். வெளித்தோற்றம் புதிதுபோல் இருந்தது. நான் இருக்கைகளையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின் இருக்கைப் பக்கம் குனிந்தார். அக்குவாவின் பெரிய பற்றரி அதன் கீழேதான் உள்ளது. 20 கட்டைகள் சேர்ந்த 144 வோல்ற் தொகுதி அது. அதைக் குளிர்விக்கும் காற்று, காரின் உள்ளிருந்தே ஒரு சிறிய சல்லடை வழியாகப் போகிறது. அந்தச் சல்லடையில் தூசியும் நாய் மயிரும் விரலளவு படிந்திருந்தன. மூச்சடைத்த பற்றரி சூடேறும். சூடேறினால் ஆயுள் குறையும்.

பின்னர் கணினியைப் பொருத்திச் சற்றுத் தூரம் ஓட்டினோம். ஏற்றத்தில் அழுத்தியபோது சில கட்டைகளின் அழுத்தம் மற்றவற்றைவிடச் சட்டென்று விழுந்தது. விற்பவரிடம் கேட்டோம். "மூண்டு செல் போன வருசம் மாத்தினது, இனிப் பிரச்சினை இல்லை" என்றார். தம்பி என்னைத் தனியே அழைத்தார்.

"ஐயா, பழசுக்குள்ள மூண்டு மாத்தினால், மற்றதுகளும் ஒண்டொண்டாய்ப் போகும். அதோட, நீங்கள் கிழமைக்கு எத்தனை தரம் வெளிக்கிடுவியள்?"

"ஒருக்கால், இரண்டு தரம்."

"இந்த வாகனம் ஓட ஓடத்தான் நல்லது. சும்மா விட்டால் பற்றரி கெடும். வாடகைக்கு ஓடுற பொடியனுக்கு இது தங்கம். உங்களுக்கு ஏன்?"

வீட்டுக்கு வந்து எழுத்தில் கணக்குப் பார்த்தேன். எங்கள் ஓட்டம் மாதம் 300 கிலோமீற்றரைத் தாண்டாது. கொழும்பு நெரிசலில் சாதாரணக் காருக்கு 27 லீற்றர் வேண்டும்; ஹைபிரிட்டுக்கு 15. மிச்சம் 12 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், மாதம் 3,600 ரூபா, ஆண்டுக்கு 43,200. புதிய பற்றரித் தொகுதிக்கு எனக்குச் சொல்லப்பட்டதோ மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை. ஏழாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். மாறாக, நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அந்தத் தொகை ஓராண்டுக்குள் மீண்டுவிடும். அந்தப் பொறியில் குற்றமில்லை. அதற்கேற்ற ஓட்டம் என்னிடம் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து மகன் பணம் அனுப்புவதாகச் சொன்னான். ஆசை மீண்டும் தலைதூக்கியது. மனைவிதான் முடித்துவைத்தாள்.

"அண்டைக்கு எங்களைக் கொண்டுபோனது புதுக் காரோ? பக்கத்து வீட்டுப் பொடியன்ர பழைய கார்தானே. பெற்றோல் இல்லாத நாளில எந்தக் காரும் ஓடாது. காசு மருந்துக்குக் கிடக்கட்டும்."

நாற்பது ஆண்டுகள் பிறரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்கத் தவறிவிட்டேன். நான் விலைபேசிக்கொண்டிருந்தது அந்த யூலை இரவுக்கு ஒரு பரிகாரத்தை. அது அந்த விற்பனையாளரிடம் இருக்கவில்லை.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் சிலரும் இதே யோசனையில் இருக்கக்கூடும். நகருக்குள் நாள்தோறும் ஓடுபவராயின் பழைய ஹைபிரிட் நல்ல கொள்முதலே. ஆனால் பின் இருக்கையருகே குனிந்து அந்தச் சல்லடையைப் பாருங்கள். பற்றரியைக் கணினியில் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். முழுத் தொகுதியும் மாற்றப்பட்டதா, சில கட்டைகள் மட்டுமா என்று பற்றுச்சீட்டைக் கேளுங்கள். புதிய பற்றரியின் விலையையும் காரின் விலையோடு கூட்டிப் பார்த்து, அதன் பின்னரும் கட்டுப்படியானால் வாங்குங்கள்.

நாங்கள் கார் வாங்கவில்லை. அந்தத் தொகையில் மிகச் சிறிய பங்குக்கு, வீட்டில் வைத்து மருந்தை ஆவியாக உள்ளிழுக்கும் நெபுலைசர் ஒன்று வாங்கினோம். மின்சாரம் நின்றாலும் இயங்கும் வகை. அதற்கும் ஒரு பற்றரி உண்டு. மாதம் ஒருமுறை அதைச் சரிபார்ப்பது என் வேலை.