கமுந்திங்கில் பத்து மணிப் பசியாறல்

கமுந்திங் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவில் வருவது தடுப்பு முகாம்தான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்த காலத்தில், 1987-ஆம் ஆண்டிலும் மறுபடி 2007-ஆம் ஆண்டிலும், பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இந்த ஊரின் பெயர் ஓயாமல் வந்தது. அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் "கமுந்திங் போகிறேன்" என்று சொன்னால் இன்றைக்கும் கேட்பவர்கள் ஒரு நொடி நம் முகத்தைப் பார்க்கிறார்கள். பாவம், அந்த ஊர் என்ன செய்யும்! அங்கே சந்தை இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, காலையில் ஆவி பறக்கும் கோப்பிக் கடை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் என் பெரியம்மா மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கி வந்தேன். அங்கே கண்டதையும், சிறப்பாக அங்கே உண்டதையும் வாசக சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தைப்பிங்கைத் தாண்டி ஐந்து கிலோமீட்டருக்குள் கமுந்திங். தைப்பிங் போகிற வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் நிலையம் இங்கேதான் இருப்பதால், தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கால் வைப்பது கமுந்திங் மண்ணில். ரயிலில் வந்தாலும் இந்த ஊருக்கென்று தனி நிலையம் உண்டு.

ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு செடி. மலாய் மொழியில் 'கெமுந்திங்'. இளஞ்சிவப்புப் பூ, கருநீலப் பழம். மேட்டுப் புதரில் தானாக வளரும். நீலகிரிப் பக்கத்தில் இதையே தவிட்டுப் பழம் என்று பறித்துத் தின்பார்களாம். அதற்கும் முன்னால் ஊரின் பெயர் கிளியான் பாரு, அதாவது புதுச் சுரங்கம். தைப்பிங்கின் பழைய பெயர் கிளியான் பாவ். இரண்டும் ஈயச் சுரங்கங்கள். இந்தப் பக்கம் கீ ஹின் கூட்டம், அந்தப் பக்கம் ஹாய் சான் கூட்டம்; 1861 முதல் 1874 வரை வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை ஆனபின்தான் சண்டை ஓய்ந்தது. 'தைப்பிங்' என்ற சீனச் சொல்லுக்கு நீங்காத அமைதி என்று பொருள். இவ்வளவு இரத்தம் சிந்திய பிறகு அமைதி என்று பெயர் வைக்கத் தோன்றியதே, அதைச் சொல்லுங்கள். 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியதும் இந்த ஈயத்தைக் கொண்டு போகத்தான்.

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வட்டாரத்தைப் பற்றிச் சொன்னதாகாது. புக்கிட் லாரூட் மலை மேகத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்வதால், தீபகற்பத்திலேயே அதிக மழை இங்கேதான். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். நான் இறங்கிய அன்றும் மழை. நகரத்தில் இருப்பவர்களுக்கு மழை குளிர்ச்சி. பால் வெட்டினவர்களுக்கோ மழை என்றால் வேறு கணக்கு. மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டில் நில்லாமல் வழிந்து ஓடிவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. "விடியற்காலை மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்பு பற்ற வைக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்" என்றார் அக்கா. தூங்கும் பிள்ளைகள் எழும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாராம்.

அக்கா பிறந்த ரப்பர் தோட்டம் முதலில் செம்பனையாயிற்று. பிறகு அதுவும் போய் வீடமைப்பாயிற்று. இப்போது தாமானில் வரிசை வீடு. அக்காவின் மூத்த மகள் கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை செய்கிறாள். மருமகன் லாரி ஓட்டுகிறார். பேரப் பிள்ளைகள் இருவர். ஒருவர் வரும்போது ஒருவர் போவார். வாரத்தில் ஆறு நாளும் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை தனித்தனித் தட்டுகளையே காண்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் எல்லாரும் உட்கார வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. இரவு ஷிப்ட் முடிந்து ஏழரை மணிக்கு வந்த மகள் குளித்துவிட்டு ஒரு கண் உறங்கி எழலாம். பிள்ளைகள் பொறுமையாக எழலாம். அதற்குப் பிறகு பத்து மணிக்குப் பசியாறல்.

இந்தப் பத்து மணி அக்காவின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த நம் எல்லார் வயிற்றிலும் அந்தக் கடிகாரம் இருக்கிறது. ஐந்தரைக்குப் பெரட்டு. இருட்டோடு நிரையில் இறங்கி 400, 500 மரம் வெட்டி முடிக்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீர் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். அதனால்தான் அந்த விடியற்காலை ஓட்டம். வெட்டி முடித்தபின், மங்கில் பால் வடிந்து நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் தூக்குச் சட்டி திறக்கும். காலையில் குடித்த கோப்பிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில் அது ஒரு சாப்பாடு. இங்கிலாந்தில் 1895-இல் கை பெரிஞ்சர் என்பவர், ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாக்கி நிதானமாக உண்ண வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதி, அதற்கு 'பிரஞ்ச்' என்று பெயரிட்டார். இப்போது ஈப்போவின் பெரிய ஓட்டல்களில் அதற்குத் தனி விலைப்பட்டியல். நம் பாட்டிமார் ரப்பர் மரத்தடியில் வாழை இலையை விரித்து உண்டதற்கு யாரும் விலைப்பட்டியல் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அக்கா செய்ததற்கு வருவோம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட உணவைக் 'கேசரோல்' என்கிறார்கள். ரொட்டி, முட்டை, பால், இறைச்சி அல்லது பழம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, முந்தின இரவே ஊறவைத்து, காலையில் அடுப்பில் தள்ளிவிடுவது. (தமிழ்நாட்டில் சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கும் பாத்திரத்துக்கு இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அது வேறு.) அக்கா வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. பிள்ளைகள் "அம்மாச்சி ரொட்டி" என்கிறார்கள். தேங்காய்ப்பால், முட்டை, வெல்லம் சேரும் இலங்கை வட்டிலப்பத்துக்கு இது தூரத்து உறவு. மலாய்க்காரர் சுடும் மரவள்ளிக்கிழங்குப் பிங்காவுக்கு நெருங்கின உறவு.

இதன் பிறப்பு பஞ்சத்தில். மாலையில் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாதம் முழுவதும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தன்று வசூலிப்பார். வாங்கின ரொட்டி இரண்டு நாளில் காய்ந்து கட்டையாகும். கடனுக்கு வாங்கினதை எறிய மனம் வருமா? பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெண்கள் கீழேயும் மேலேயும் நெருப்பு வைத்துப் பிங்கா சுடுவதைப் பார்த்த பெரியம்மா, கிழங்கு இருந்த இடத்தில் காய்ந்த ரொட்டியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் கதை.

செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தே எழுதிக்கொண்டேன். ஆறு பேருக்கு முந்தின நாள் ரொட்டி 12 துண்டு. புது ரொட்டி வேண்டாம். அது பாலைக் குடிக்காமல் கூழாகிவிடும். முட்டை ஆறு. தேங்காய்ப்பால் இரண்டரைக் கப், முதல் பாலும் இரண்டாம் பாலும் கலந்தது. சீனி மூன்று மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் நெத்திலியே உப்பு. பெரிய வெங்காயம் மூன்று, காய்ந்த மிளகாய் ஆறு, ஒரு கைப்பிடி நெத்திலி, கனிந்த வாழைப்பழம் இரண்டு, பண்டான் இலை ஒன்று, மேலே தூவ ஒரு துண்டு குலா மலாக்கா.

நெத்திலியைக் கழுவித் துடைத்து மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே வைக்க வேண்டும். அதே எண்ணெயில் மெல்லிதாய் அரிந்த வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இருபது நிமிடமாவது ஆகட்டும். வெங்காயம் பழுப்பாகித் தானே இனிக்கத் தொடங்கிய பின்புதான் அரைத்த மிளகாயைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். நெத்திலியை அதில் சேர்த்து இறக்கிவிடலாம். சம்பலுக்கு வழக்கமாகச் சேர்க்கும் புளியை அக்கா இதில் சேர்ப்பதில்லை. புளி பட்டால் பால் திரியும்.

தட்டில் பிளாண்டா தடவி ஒரு வரிசை ரொட்டி, அதன்மேல் சம்பல். மறுபடி ரொட்டி, அதன்மேல் வட்டமாக அரிந்த வாழைப்பழம். கடைசியாக மீண்டும் ரொட்டி. பண்டான் இலையை முடிச்சுப் போட்டுத் தேங்காய்ப்பாலில் இளஞ்சூடாகக் காய்ச்சி ஆறவிட்டு, இலையை எடுத்துவிட்டு, அதில் முட்டை, சீனி, உப்பைக் கலந்து மெல்ல ஊற்ற வேண்டும். கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் ரொட்டி எல்லாப் பாலையும் உறிஞ்சிக்கொள்ளும். முந்தின இரவே செய்து வைப்பதானால் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும்; நம் ஊர் உஷ்ணத்தில் தேங்காய்ப்பாலும் பச்சை முட்டையும் வெளியே விடியும்வரை தாங்காது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் காலையில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தாலே போதும்.

மின்சார அடுப்பில் 180 டிகிரி, முக்கால் மணி நேரம். நடுவில் கத்தியை விட்டால் ஈரமில்லாமல் வர வேண்டும். அதற்கு மேல் விட்டால் முட்டை இறுகித் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஆனால் அக்கா, நான் வந்திருக்கிறேன் என்று பழைய முறையிலேயே சுட்டார். கனமான அலுமினியச் சட்டி, தட்டையான மூடி. கீழே கொஞ்சம் கரி, மூடிமேல் அதைப்போல் இரண்டு பங்கு. கீழே நெருப்பு அதிகமானால் அடி கருகும், மேல் வேகாது. கரி கோலா செப்பத்தாங்கிலிருந்து வந்தது. அந்த நாளில் போர்ட் வெல்ட் என்றோமே, முதல் ரயில் போன அதே ஊர்தான். அங்கே மாத்தாங் சதுப்புக் காட்டில் மரத்தை முப்பது ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி, மறுபடி நட்டு, குடிசை போன்ற பெரிய சூளைகளில் கரியாக்குகிறார்கள். புகையில்லாமல் நின்று எரிகிறது.

"என்னம்மா டீச்சர், நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு விசிறு" என்றார் அக்கா. விசிறினேன்.

பத்து மணிக்கு மூடியைத் திறந்தபோது மேலே குலா மலாக்கா உருகிப் பழுப்பாய்ப் பளபளத்தது. முதல் வாய் இனிப்பு, அடுத்து மிளகாய், கடைசியில் நெத்திலியின் உப்பு. இனிப்பும் காரமும் சேருமா என்று கேட்பவர்கள், சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்க் கொத்சு வைத்து உண்ட நம் வழக்கத்தை நினைத்துக்கொள்ளட்டும். என் சுவைக்குச் சீனி இரண்டு கரண்டியே போதும். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அந்த மேசையில் ஆறு பேர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. சின்னவன் வாரம் முழுதும் தாயிடம் சொல்லச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினான். பள்ளிக் கூடையின் வார் அறுந்தது, கணக்கில் வாங்கின எண், யாரோ தள்ளிவிட்டது. அந்தத் தாய் தூக்கக் கண்ணோடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வகுப்பில் முதல் பாடத்திலேயே தலை சாய்க்கும் பிள்ளைகளை இருபது ஆண்டாகப் பார்த்து வருகிறேன். என்னடா பசியாறினாய் என்றால், "தே ஓ, பிஸ்கட், டீச்சர்" என்பான். யாரோடு என்று கேட்டால் பதில் வராது. தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து வாசலில் நிற்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது என்றுதான் அக்காவைப்போல் நானும் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு பிடி நெத்திலி. விலை உயர்ந்த பொருள் ஒன்றும் இதில் இல்லை.

அன்று மீந்த ஒரு துண்டை அக்கா வாழை இலையில் மடித்து மருமகனின் லாரிக்குக் கொடுத்தனுப்பினார். ஆறினால் இன்னும் ருசி என்பது அவர் கட்சி.

சுடும் அடுப்பும் கரியும் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் தட்டை வைத்து, மேலே துணி கட்டி, நாற்பது நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். வேகும், ஆனால் மேலே சிவக்காது. அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. வெந்தபின் மேலே சீனியைத் தூவி, பழைய இரும்புக் கரண்டி ஒன்றை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, அதன் அடியால் சீனியை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கைப்பிடியைத் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.