எந்த ஊரு, அண்ணாச்சி?

வாசகர்களே, நெல்லை எக்ஸ்பிரஸ் உங்களைக் காலை வேளையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டால், அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னமே நூறு பேர் எழுதி வைத்துவிட்டார்கள். நெல்லையப்பரைத் தரிசிக்க வேண்டும். இசைத் தூண்களை அதிசயிக்க வேண்டும். குற்றாலத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவையும் நானும் குறைவில்லாமல் செய்தேன். அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். இதோ, ஐந்தாறு வாக்கியத்துக்குள் சபதம் போய்விட்டது!

நான் போன காரியம் வேறு. இந்தச் சீமைப் பிள்ளைகள் எடுக்கும் சின்னச் சின்னப் படங்களைப் பார்க்க வேண்டும்; அந்தப் படங்கள் பேசுகிற இடங்களையும் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஜங்ஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிஷமே கடைக்காரர் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"அது சரி. சொந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்கன எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னேன். அவர் முகத்தில் கணக்கு நேரான திருப்தி தெரிந்தது. என் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது. நான் சொன்ன தெரு வேறு தெருவாக இருந்திருந்தால் அந்தக் கரண்டி விழுந்திருக்குமோ, விழுந்திராதோ! நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ருசித்துத்தான் குடித்தேன்.

இந்தப் பக்கத்து இளைஞர்களின் படங்களைப் பார்க்கப் பார்க்க, எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன என்று எனக்குப் பட்டது.

குறும்படம் என்றால் பழைய வாசகர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது, கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் போடுகிற சர்க்கார் படங்களாகத்தான் இருக்கும். 1948-இல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்கள் அவை. அணைக்கட்டும் அம்மைத் தடுப்பும் திரையில் ஓடும். ஜனங்கள் வெளியே நின்று பீடி பிடிப்பார்கள். பின்னால் டிஜிட்டல் காமிரா வந்தது. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' வந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் அந்த வழியாகப் பெரிய சினிமாவுக்குப் போனார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அதைப் பார்த்துப் படம் எடுக்க வந்தவர்களில் பலர், கடைசி அரை நிமிஷத்தில் பார்ப்பவரைத் திடுக்கிட வைத்தால் அதுவே குறும்படம் என்று நினைத்துவிட்டார்கள். எத்தனை தடவைதான் திடுக்கிடுவது, சொல்லுங்கள்!

தாமிரபரணிக் கரையில் வேறொரு மரபு இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் என்னோடு சுலோசன முதலியார் பாலத்துக்கு வாருங்கள்.

சுலோசன முதலியார் தம் கைப் பணத்தைக் கொடுத்து 1843-இல் எழுந்த பாலம் இது. இந்தப் புறம் நெல்லை. அந்தப் புறம் கொக்கிரகுளம், பாளையங்கோட்டை. கீழே படித்துறையில் துவைக்கிறவர்களும் குளிக்கிறவர்களுமாக எப்போதும் கலகலவென்று இருக்கும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை வேறு ராஜ்யத்தைத் தொடாமல் ஓடுகிற ஆறு. அதனால் அண்டை ராஜ்யங்களோடு தண்ணீர்ச் சண்டை கிடையாது. உள்ளூர்ச் சண்டைக்குக் குறைவில்லை.

1999 ஜூலை 23-ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய ஊர்வலம், கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸை நோக்கி வந்தது. கூலி உயர்வு வேண்டும், சிறையில் இருப்பவர்களை விடுவிக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் ஓடினார்கள், ஓட இருந்த இடம் ஆறுதான். பதினேழு பேர் மாண்டு போனார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். ஒன்று சிறு குழந்தை. நீதிபதி மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற படத்தை எடுத்தார். அவர் இந்த ஊரில் 'காஞ்சனை' என்ற திரைப்பட இயக்கத்தை நடத்தி, உலகத்துப் படங்களையெல்லாம் கொண்டுவந்து திரையிட்டுக் காட்டியவர். காஞ்சனை என்றதும் புதுமைப்பித்தனின் கதை உங்கள் நினைவுக்கு வரும். அவரும் இந்தச் சீமைக்காரர்தாம். 'நதியின் மரணம்' கதைப் படம் அல்ல. நடிகர் இல்லை. ஆற்றங்கரையில் அன்று பதிவான காட்சிகள் அதில் இருக்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பாலத்தின் மேல் நின்றால், தண்ணீர் முன்பு போலத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

மாரி செல்வராஜும் இந்தப் பள்ளத்தாக்குக்காரர். முதலில் எழுத்தாளராக அறிமுகமானார். அவருடைய புத்தகம் ஒன்றின் தலைப்பே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. அப்புறம் 2018-இல் 'பரியேறும் பெருமாள்' என்ற முழு நீளப் படம். அதில் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வருகிற பையனின் ஊர் புளியங்குளம். அவர் பிறந்த ஊரும் புளியங்குளமே. எந்த ஊரு என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில்!

மறுநாள் மாஞ்சோலைக்குப் போனேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி, மணிமுத்தாறு அணை தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியும் தாண்டினால், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறத் தொடங்குகிறது. அணையில் வேர்த்துக் கொட்டியவனுக்கு மேலே போகப் போகப் பல் கிட்டியது. ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. காப்பி குடிக்க மறந்துவிடும் அழகு! ஆனால் இது யாருடைய ஊர்? சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 1929-இல் சுமார் 8,370 ஏக்கரைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக லயன் வீட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளியவர்கள், மலையை விட்டு இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், "சொந்த ஊரு?" என்று கேட்பாரே, அப்போது என்ன சொல்வார்கள்?

அன்று மாலை பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. முப்பது நாற்காலி, சுவரில் ஒரு வெள்ளை வேஷ்டி, அதுதான் திரை. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, கைத்தொலைபேசியில் எடுத்த எட்டு நிமிஷப் படத்தைப் போட்டுக் காட்டினான். படத்தில் ஒரு முகம்கூடக் கிடையாது, எல்லாம் மணிக்கட்டுகள். பஸ் கம்பியைப் பிடித்த மணிக்கட்டு, பேனா பிடித்த மணிக்கட்டு, தண்ணீர்க் குழாயடியில் ஒரு மணிக்கட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்துக் கயிறு. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024-இல் அறிக்கை கொடுத்தது.

படத்தின் கடைசியில் ஒரு வெறும் மணிக்கட்டு. அப்புறம் ஓர் ஊர்ப் பெயர்ப் பலகை, ஐந்து விநாடி. அவ்வளவுதான். திடுக்கிட வைக்க ஒன்றுமில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. முன் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "தம்பி, அந்தப் போர்டு வேணுமா?" என்று மெல்லக் கேட்டார்.

கீழே இறங்கி வரும்போது பையன் என்னிடம் விஷயத்தைச் சொன்னான். அது அவனுடைய சொந்த ஊர்ப் பலகை. அதைப் பார்த்தால் எந்தத் தெருப் பிள்ளை எடுத்த படம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அப்பால் அவன் அம்மா மேலத்தெருக் கடையில் போய் அரிசி வாங்க வேண்டும். தங்கை பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

"எடுத்துவிடு, அப்பா" என்று பெரிய மனிதத் தோரணையில் புத்தி சொன்னேன். எனக்கென்ன? மறுநாள் ராத்திரி எனக்கு ரயில்.

"எடுத்துட்டா அது எந்த ஊருப் படம், அண்ணாச்சி?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. சமாளிக்க வேண்டுமே என்று பிரான்ஸ் தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். 1960-இல் ழான் ரூஷ், எட்கர் மோரன் என்று இரண்டு பேர் பாரிஸ் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கவைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு படத்தில் இருந்தவர்களையே கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன அபிப்பிராயத்தையும், திட்டியதையும் சேர்த்து, படத்திலேயே வைத்துவிட்டார்கள்.

பையன் சிறிது நேரம் யோசித்தான்.

"அப்ப மொதல்ல எங்கம்மைக்குப் போட்டுக் காட்டுதேன். ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பா. போர்டு இருக்கணுமா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்தான். அவன் ஊருக்குப் போகிற கடைசி பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷந்தான் இருந்தது. ஓடினான்.