தெரியாது என்பதும் ஒரு பதில்

ஆயிரம் பேர் உள்ள ஒரு டேபிள் என்று வைத்துக்கொள்வோம். நிலை 'உயிருடன்' என்பவர்களைக் கேட்டால் 940 பேர் வருகிறார்கள். 'உயிருடன்' அல்லாதவர்களைக் கேட்டால் 52 பேர். மிச்சம் எட்டுப் பேர் எங்கே?

அவர்களுடைய கட்டத்தில் 'நல்' இருக்கிறது. தமிழில் எழுதினால் நல்ல சொல்லாகிவிடுகிறது என்று எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு. நல் என்பது பூஜ்ஜியம் இல்லை; மதிப்பு தெரியாது என்பதற்கான குறி. நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால்கூட 'ஆம்' வராது. தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமமா என்றால், தெரியாது என்பதுதானே நேர்மையான பதில்?

1970இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்த எட்கர் காட், 1979இல் எழுதிய கட்டுரையில் இந்த மூன்றாம் விடைக்கு இடம் கொடுத்தார். உண்மை, பொய், தெரியாது. எஸ்க்யூஎல்லில் வரிகளைச் சலித்தெடுக்கும் 'வேர்' கிளாஸ் உண்மையை மட்டுமே உள்ளே விடும். 'செக்' கட்டுப்பாடோ பொய்யை மட்டுமே தடுக்கும். அதே 'தெரியாது' ஒரு வாசலில் நிறுத்தப்படுகிறது, இன்னொரு வாசலில் கேள்வி இல்லாமல் நுழைகிறது.

என் அத்தை இந்த வாசல்களில் பதினோரு வருஷமாக நிற்கிறாள். வேலைக்கென்று போன மாமா திரும்பவே இல்லை. படிவங்களில் 'திருமணமானவர்', 'விதவை' என்று இரண்டு கட்டங்கள்தான். ஏழு வருடம் தகவலே இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்றால், அதை அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. 2024இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அதையே சொல்கிறது. நல்லுக்குப் பதிலாக வேறொரு மதிப்பைப் போடும் 'கோலெஸ்' மாதிரிதான்.

"கோர்ட்டுக்குப் போனா பென்ஷனாவது வரும் அத்தே" என்றேன்.

"அவரு செத்துட்டாருன்னு நான் எப்படிடா எழுதித் தருவேன்? எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எழுதிக்கோ."

சட்டத்துக்கு அந்த ஊகம் தேவை, இல்லாவிட்டால் எதுவும் நகராது. ஆனால் அங்கே ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும், நீதிபதி கேட்க வேண்டும். நம் கோடில் அது ஓசையில்லாமல் நடந்துவிடுகிறது. 'கேஸ்' எழுதும்போது உயிருடன் என்றால் இது, 'எல்ஸ்' இறந்தவர் என்று முடித்துவிட்டால், அந்த எட்டுப் பேரும் சத்தமே இல்லாமல் இறந்துபோகிறார்கள். எர்ரர்கூட வராது.

அதனால் டீமில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று மட்டும் சொல்வேன். 'எல்ஸ்' எழுதுவதற்கு முன்னால் 'இஸ் நல்' என்று தனியாக ஒரு வரி போடுங்க. அதற்கு என்ன விடை கொடுப்பது என்று புரியவில்லையா? 'விசாரிக்கவும்'னு போடுங்க. யாராவது ஒருத்தர் போய்க் கேட்கட்டும்.