உப்புப் பாத்தி புகட்டிய பாடம்



ஓய்வு என்பதை நாம் நெடுங்காலம் சோம்பலின் மறுபெயராகவே கருதியிருந்தோம். குருத்துவ வாழ்வில் விடுப்பே எடுத்ததில்லை என்பதில் உள்ளூரப் பெருமையும் கொண்டிருந்தோம். சென்ற மே மாதம் நம் கோவில்பிள்ளை, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல இரண்டு நாள் கேட்டார். "திருவிழா நெருங்குகிறதே" என்று மறுத்துவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் சென்றார்.

திருவிழா முடிந்ததும் நம் உடல்நலம் குன்றியது. மருத்துவரும் ஆயரும் வற்புறுத்தவே, நம்முடன் உரோமையில் பயின்ற குரு ஒருவரின் அழைப்பை ஏற்று, மத்தியதரைக் கடலிலுள்ள கோசோத் தீவுக்குச் சென்றோம். கப்பற்சேதத்திற்குப் பின் புனித சின்னப்பர் மூன்று மாதம் தங்கிய மால்தாவை அடுத்துள்ளது இத்தீவு. அங்கிருந்து ஏறத்தாழ 25 நிமிடக் கப்பற்பயணம். பரப்பு 67 சதுர கிலோமீட்டரே.

காலையில் வயல்களினூடே நடப்போம். கற்சுவர்கள், கள்ளிவேலிகள், நடுவே தன்னந்தனியாய் நிற்கும் தா பினு மாதா பேராலயம். 1883-இல் கர்ம்னி கிரிமா என்னும் எளிய பெண், தம்மைச் செபிக்க அழைக்கும் குரலைக் கேட்டதாகக் கூறியது இவ்விடத்தில்தான். 2022 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கு வந்து செபித்தார். மற்றொரு நாள் ஜிகந்தியாவைக் கண்டோம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கற்கோவில்கள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. நண்பகலில் கடைகள் பல அடைபடும், வீதிகள் உறங்கும். வெயில் தணிந்தபின் ரம்லாவின் செம்மணற் கரையில் குடும்பம் குடும்பமாக மக்கள் நீராடுவர்.

இவர்கள் இந்த அமைதியை எளிதில் பெற்றாரல்லர். 1551-இல் துருக்கியர் இத்தீவைத் தாக்கி, ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அடிமைகளாகக் கொண்டுசென்றனர். 1637 வரை இரவில் மக்கள் கோட்டைக்குள் தங்கவேண்டும் என்பது சட்டம். இன்றோ அக்கோட்டைக்குக் கீழே, விக்டோரியா நகரின் சதுக்கத்தில், முதியோர் அச்சமின்றி அமர்ந்து அளவளாவுகின்றனர். ஒரே வீதியில் அஸ்திரா, அவுரோரா என இரண்டு இசைநாடக அரங்குகள் உள்ளன. அவற்றை நடத்துவோர் இரண்டு வாத்தியக் குழுச் சங்கத்தார். ஆண்டுதோறும் அக்டோபரில் இரண்டும் போட்டியிட்டு இசைநாடகம் அரங்கேற்றும்!

நம் உள்ளத்தைத் தொட்டதோ ஷ்வெய்னிக் கடலோரம். அங்கே பாறையில் வெட்டிய சிறுசிறு உப்புப் பாத்திகள் வரிசையாய் விரிந்து கிடக்கின்றன. கடல்நீரைப் பாத்தியில் நிறைத்தபின் உழைப்பாளிக்கு அங்கே வேலையில்லை. வெயிலும் காற்றும் தம் பணியைச் செய்கின்றன. உப்பு விளைந்தபின்னரே துடைப்பமும் கூடையுமாய் அவர் வருகிறார். விதைத்தவன் உறங்கினாலும் விதை தானே வளரும் என மாற்கு நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! நாம் ஓய்ந்தால் பங்கே ஓய்ந்துவிடும் என்று எண்ணியது பக்தியன்று, அகந்தை என்பது அப்பாத்தியருகே விளங்கிற்று. நம் அகந்தையால் பிறருடைய ஓய்வையும் பறித்தோமே என்று வெட்கினோம்.

ஊர் திரும்பியதும் கோவில்பிள்ளையை அழைத்து, "இரண்டு நாளல்ல, ஒரு வாரம் போய் வாரும்" என்றோம்.

"பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறந்து ஊருக்குப் போய்விட்டார்கள், சாமி" என்றார் அவர். குரலில் குறையேதுமில்லை, அதுவே நம்மை அதிகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டோம். அடுத்த விடுமுறையில் ஒரு வாரத்தை அவருக்கென நாட்குறிப்பில் நம் கையாலேயே எழுதி வைத்தோம்.

அன்பர்களே, கோசோத் தீவு வெகுதொலைவில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமையோ நம் வாசலுக்கே வருகிறது. திருப்பலிக்குப் பின் அன்று மாலையையாவது உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்களிடம் வேலை செய்வோருக்கும் அதை மறுக்காதீர்கள். பிள்ளைகளின் விடுமுறை நமக்காகக் காத்திராது.