புதுச் சங்கிலியும் பழைய பல்லும்

பழையதைப் போற்றுதல் வேறு. தேய்ந்ததைச் சுமத்தல் வேறு. இதனை எமக்குக் கற்பித்தது ஒரு வண்டிச் சங்கிலி.

எம் அத்தா 1974இல் வாங்கிய புல்லட், திருவொற்றியூர் ஆலையில் உருவானது. அவருக்குப் பின் அது எம் பொறுப்பாயிற்று. சென்ற ஆண்டு சங்கிலி தளர்ந்தது. "ஹஜ்ரத், செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்" என்றார் மெக்கானிக். அத்தா ஓட்டிய சக்கரத்தைக் கழற்ற மனம் ஒப்பவில்லை, செலவும் தடுத்தது. சங்கிலியை மட்டும் மாற்றினோம்.

சில மாதங்களில், மனைவியைப் பின்னே அமர்த்தி மேடேறுகையில், சங்கிலி பல் தாண்டிக் கழன்றது. இறையருளால் விழாமல் தப்பினோம்.

பிழை எம்முடையதே. தேய்ந்த பல் கொக்கிபோல் வளைந்து, புதுச் சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும். பழைய சங்கிலி புதுப் பல்லையும் அவ்வாறே கெடுக்கும்.

இவ்வண்டியின் சங்கிலியில் ஒரு கண்ணிக்கு 5/8 அங்குலம். ஆகவே, இழுத்துப் பிடித்த 16 கண்ணிகள் 10 அங்குலம் இருத்தல் வேண்டும். 10¼ ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. பின்புறப் பற்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாகவே அமைந்தது. ஆதலின் டிரம்மையே மாற்றினோம். முன்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் இளைப்பாறும், மேட்டில் இழுவை குறையும் என்றார் மெக்கானிக். எம் பயணமோ மேட்டுப் பாதை. இருந்த எண்ணிக்கையே போதுமென்றோம். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை, மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்குமாறு மாட்டினார்.

பழைய டிரம்மைத் துடைத்து எம் நூலலமாரியின் அருகே வைத்துள்ளோம். அத்தாவின் நினைவுக்கு அவ்விடம் போதும்.