பத்தாயிரம் யென் நோட்டுடன் தோக்கியோவில் ஒரு நாள்

தோக்கியோவின் கபுதோச்சோ வட்டாரத்துக்குச் சுற்றுப்பயணிகள் அதிகம் வருவதில்லை. அங்கே இருப்பவை வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் தோக்கியோ பங்குச் சந்தையும்தான். ஆனால், ஜப்பானுக்குப் போகும் நாம் எல்லாரும் இந்த வட்டாரத்தின் நாயகரைப் பணப்பையில் வைத்துக்கொண்டுதான் ஊர் சுற்றுகிறோம். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய பத்தாயிரம் யென் நோட்டில் இருக்கும் ஷிபுசாவா எய்ச்சி, 1873இல் நாட்டின் முதல் வங்கியை இங்குதான் தொடங்கினார். 1878இல் பங்குச் சந்தை உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் முகம் பதித்த ஒரே ஒரு நோட்டு. அப்போது நம் கணக்கில் அது தொண்ணூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஒரு நாள் முழுவதையும் அதற்குள் முடித்துக்கொள்வது என்று புறப்பட்டேன். பகலில் பங்குச் சந்தை, இரவில் பேஸ்பால்.

பங்குச் சந்தைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. என் வரவுசெலவுத் திட்டத்துக்கு மிகவும் பிடித்த இடம். சினிமாவில் வருவதுபோல் கூச்சலும் கைச்சாடையும் இருக்கும் என்று நினைத்துப் போனால், நூலகத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறது. ஆட்கள் நின்று கத்தி வாங்கி விற்ற கூடத்தை 1999 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய கண்ணாடி உருளை. அதன் உச்சியில் பங்கு விலைகள் வட்டமாக ஓடுகின்றன. வர்த்தகம் சூடுபிடித்தால் ஓட்டத்தின் வேகம் கூடும். 11.30 ஆனதும் சாப்பாட்டு இடைவேளை. உலகின் பெரிய சந்தைகளில் ஒன்று, கோடிகளை அப்படியே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடப் போவதைப் பார்க்க மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

புதிதாகப் பட்டியலிடப்படும் நிறுவனத்தார் இங்கே ஒரு மணியை ஐந்து முறை அடிக்கிறார்கள். ஐவகைத் தானியமும் நன்றாக விளையட்டும் என்ற வேண்டுதல். கணினி மென்பொருள் விற்கும் நிறுவனமும் விளைச்சலுக்காகத்தான் மணி அடிக்கிறது. அடுக்குமாடி வீட்டில் மின்சார அடுப்பில் பொங்கல் வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சந்தைக்கு ஒரு பெரிய காத்திருப்பின் கதை உண்டு. 1989 டிசம்பர் 29ஆம் தேதி நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. பிறகு விழுந்தது. அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22இல். 34 ஆண்டுகள்! "வாங்கிய விலைக்கு வரட்டும், உடனே விற்றுவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். ஜப்பானில் அத்தகைய மாமாக்கள் தாத்தாவாகிவிட்டார்கள்.

காத்திருப்பவர்களுக்குத் தின்பண்டமும் உண்டு. இங்குள்ள பல நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு அரிசி, உணவகப் பற்றுச்சீட்டு, சினிமா நுழைவுச்சீட்டு என்று அனுப்பிவைக்கின்றன. ஷோகி எனும் ஜப்பானியச் சதுரங்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த கிரிதானி ஹிரோதோ, இந்தப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டே வாழ்க்கை நடத்துவதில் புகழ்பெற்றவர். காலாவதியாவதற்குள் தீர்த்துவிட வேண்டுமே என்று அவர் சைக்கிளில் பறப்பது அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சி. டிசம்பர் கடைசி வாரத்தில் சிடிசி பற்றுச்சீட்டுடன் பேரங்காடிக்கு ஓடியவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.

நின்றுகொண்டே சாப்பிடும் கடையில் ஒரு கிண்ணம் சோபா சாப்பிட்டுவிட்டு, நிஹோன்பாஷியில் கின்சா ரயில் பிடித்து கையென்மாயே நிலையத்தில் இறங்கினேன். அருகில்தான் ஜிங்கு விளையாட்டரங்கம். 1926இல் கட்டியது, அமெரிக்காவின் பேப் ரூத் 1934இல் இங்கு ஆடியிருக்கிறார். இப்போது அதை இடித்துப் பக்கத்தில் புதிதாகக் கட்டத் திட்டம் இருக்கிறது. நுழைவுச்சீட்டிலேயே என் நோட்டில் பாதி போயிற்று.

உள்ளூர்க் குழுவின் பெயர் யாகுல்ட் ஸ்வாலோஸ். ஆமாம், நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் அதே யாகுல்ட்தான். அங்கே குழுக்களை வைத்திருப்பவை நிறுவனங்கள்: செய்தித்தாள், ரயில், இறைச்சி, மிட்டாய். நம்மூரில் மைலோ பெயரில் ஒரு காற்பந்துக் குழு இருந்தால் எப்படியோ அப்படி.

அன்று எதிர்க்குழு, ஒசாகா பக்கத்து ரயில் நிறுவனமான ஹன்ஷினின் டைகர்ஸ். பாதி அரங்கம் மஞ்சள். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பியர்க் கலனை முதுகில் சுமந்து, இளம்பெண்கள் சிரித்த முகத்தோடு படி ஏறி இறங்குகிறார்கள். கையைத் தூக்கினால் போதும். பணம் கரைய இதைவிட இனிய வழியை நான் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் மஞ்சள் சட்டை போட்ட பெரியவர். கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தவராம், சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு பியர் வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து விலையை எழுதினார். ககேபோ எனப்படும் வீட்டுக் கணக்கு. ஹானி மோதோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் பரப்பிய வழக்கம் அது. "மனைவி பார்ப்பாரா?" என்றேன். "பார்க்க இப்போது ஆள் இல்லை. பழகிவிட்டது" என்றார்.

டைகர்ஸ் 1985இல் ஜப்பான் தொடரை வென்றது. அடுத்த வெற்றி 2023இல். 38 ஆண்டுகள். நிக்கேயை விட நான்கு கூடுதல். பங்கு வைத்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். "டைகர்ஸ் போதும்" என்றார்.

ஆனால், 2005இல் அந்த டைகர்ஸுக்கே விலை குறிக்கப் பார்த்தார்கள். ஒரு முதலீட்டு நிதியம் ஹன்ஷின் ரயில் நிறுவனப் பங்குகளை வாங்கிக் குவித்து, குழுவைப் பங்குச் சந்தையில் பட்டியலிடலாம் என்று யோசனை சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு ஹன்க்யூ என்ற போட்டி ரயில் நிறுவனம் ஹன்ஷினை வாங்கிக்கொண்டது. பட்டியலிடும் பேச்சு அடங்கியது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். ரசிகர்களே பங்குதாரர் ஆவது நல்லதுதானே? பெரியவரிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"பங்கு என்றால் தோற்கும்போது விற்கத் தோன்றும்" என்றார்.

ஆறாவது சுற்றில் ஸ்வாலோஸ் இரண்டு ஓட்டம் எடுத்தது. எதிர்ப்பக்கம் முழுவதும் சின்னச் சின்னக் குடைகள் விரிந்து, பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கின. முன்பு சொற்ப ரசிகர்களே வந்த காலத்தில், கூட்டம் நிறைய இருப்பதாகக் காட்டத் தொடங்கிய பழக்கம் என்கிறார்கள். வெளியே கடையில் அந்தக் குடையின் விலையைப் பார்த்து வைத்திருந்தேன். பணப்பையைத் திறந்து சில்லறையை எண்ணினேன். குடை வாங்கினால் ரயிலுக்கு மிஞ்சும், பியருக்கு மிஞ்சாது.

பெரியவர் அந்தக் குடைகளைப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கி ஒரு பியர் வாங்கி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.