அம்மா அனுப்பும் எண்

கோவில்பட்டி பக்கம் கரிசல்காட்டு ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். சர்க்கரை வந்து பத்து வருஷம். விடிந்ததும் விரலைக் குத்தி, மெஷின் காட்டும் எண்ணைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தீப்பெட்டி ஒட்டிக் காய்த்துப்போன விரல்கள் அவை.

போன மாதம் ஒருநாள் 62 என்று வந்தது. பதறிக் கூப்பிட்டேன்.

"லேசாப் படபடன்னு வருதுய்யா."

"மூணு ஸ்பூன் சீனியத் தண்ணியில கரைச்சுக் குடிம்மா. கால் மணி நேரங்கழிச்சு மறுபடி பாரு."

94 என்று வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. முந்தின ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

போனில் இருந்த ஒரு மாத எண்களைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. 'இ-சஞ்சீவனி' என்ற அரசின் தொலைமருத்துவச் சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் கட்டணமில்லாமல் பேசலாம். ஆனால் அன்றன்றைய எண்ணை நாம்தான் குறித்துவைக்க வேண்டும்.

ஊரில் பெற்றோரைத் தனியே விட்டிருப்பவர்களே, சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் ஆபத்து என்பதை இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அவர்கள் அனுப்பும் எண்ணைத் தினமும் பாருங்கள்.